எட்டாத பாட்டா, இறக்கிய சுருதியா? கரோக்கியில் உங்கள் குரலுக்கு ஏற்றதைத் தேர்ந்தெடுப்பது எப்படி

"இந்தப் பாட்டு எனக்கு ரொம்பப் பிடிக்கும். பல்லவி நன்றாகப் போகிறது, சரணத்தில் குரல் எட்டவில்லை. அப்படியே முயற்சி செய்யட்டுமா, சுருதியை இறக்கட்டுமா, இல்லை வேறு பாட்டு எடுக்கட்டுமா?" கரோக்கி பாடுகிறவர்களிடமிருந்து திரும்பத் திரும்ப வரும் கேள்வி இது. ஐந்து வழிகள் இருக்கின்றன: மூலச் சுருதியிலேயே பாடுவது, டிராக்கின் சுருதியை மாற்றுவது, ஸ்தாயி (ஒரு "ஸ"வுக்கும் அடுத்த "ஸ"வுக்கும் உள்ள தூரம்) மாற்றிப் பாடுவது, குரலுக்குள் அடங்கும் வேறு பாட்டைத் தேடுவது, இன்னொருவரோடு பங்கிட்டுக்கொள்வது. ஐந்துக்கும் அதற்கான இடம் உண்டு. ஆனால் பெரும்பாலோர் முதல் வழிக்கும் நான்காவது வழிக்கும் நடுவே மட்டும் ஊசலாடுகிறார்கள். பல பேருக்கு உண்மையில் உதவக்கூடிய இரண்டாவது வழியை ஏதோ குறைச்சலான காரியம்போல ஒதுக்கிவிடுகிறார்கள். அதுதான் எனக்கு வருத்தம்.

## எதை வைத்து அளப்பது

முதலில் உங்கள் குரல். போனில் டியூனர் செயலி ஒன்றைத் திறந்துகொள்ளுங்கள், அல்லது ஒரு கீபோர்டு இருந்தால் போதும். "ஆ" என்று வசதியான இடத்தில் ஆரம்பித்து ஒவ்வொரு செமிடோனாக, அதாவது கீபோர்டில் கறுப்பையும் சேர்த்து அடுத்தடுத்த கட்டையாக, கீழே இறங்குங்கள். ஒரு சொல்லைத் தெளிவாக, அடுத்தவர் காதில் விழும்படி பாட முடிகிற கடைசிச் சுரம் உங்கள் அடி. கரகரவென்று வெறும் காற்றாக வருவதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். பிறகு மேலே ஏறுங்கள். தாடையைத் தூக்காமல், கழுத்து நரம்பு புடைக்காமல், நாலைந்து விநாடி நிறுத்திப் பிடிக்க முடிகிற கடைசிச் சுரம் உங்கள் உச்சி. அதிலிருந்து இரண்டு செமிடோனைக் கழித்துவிடுங்கள். நாலு பேர் முன்னால் படபடப்போடு நிற்கும்போது வருகிற உச்சி அதுதான்.

தூங்கி எழுந்த உடனே இதைச் செய்ய வேண்டாம். காலையில் குரல் நாண்கள் சற்று வீங்கியிருக்கும், குரல் வழக்கத்தைவிடக் கனமாக, கீழே இருக்கும். நீங்கள் வழக்கமாகப் பாடும் நேரத்திலேயே அளந்து பாருங்கள்.

ஒரு ஸ்தாயிக்கு 12 செமிடோன். தனிப் பயிற்சி இல்லாத ஒருவருக்கு வசதியாகப் பாட ஏறத்தாழ ஒன்றரை ஸ்தாயி, அதாவது 18 செமிடோன் வாக்கில் இருக்கும். ஒன்றிரண்டு கூடலாம், குறையலாம். அதற்குக் குறைவாக இருந்தால் உங்களுக்குக் குரலே இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஒரு ஸ்தாயிக்குள் அடங்குகிற நல்ல பாட்டுகள் நிறைய இருக்கின்றன.

அப்புறம் பாட்டை அளக்க வேண்டும். எல்லோரும் பார்ப்பது உச்சச் சுரம் ஒன்றைத்தான். நான் முதலில் பார்க்கச் சொல்வது அது இல்லை. பாட்டு பெரும்பகுதி எங்கே நடமாடுகிறது என்பதைப் பாருங்கள். கனமான பெட்டியை ஒரு தடவை தலைக்கு மேல் தூக்கி இறக்குவது வேறு, அதைத் தூக்கிப் பிடித்தபடியே நாலு நிமிஷம் நிற்பது வேறு. உச்சியை ஒரே ஒரு முறை தொட்டுவிட்டு நடு இடத்துக்கு இறங்கிவிடும் பாட்டை நீங்கள் சமாளித்துவிடுவீர்கள். உச்சி அவ்வளவு உயரம் இல்லை, ஆனால் சரணம் முழுக்க அதற்கு இரண்டு சுரம் கீழேயே சுற்றிக்கொண்டிருக்கிறது என்றால், இரண்டாவது சரணத்தில் தொண்டை கட்டிக்கொள்ளும்.

இதற்கு ஒரு காரணம் உண்டு. ஒவ்வொரு குரலிலும் மார்பிலிருந்து வருகிற கனமான குரல் தலைக்குரலுக்கு மாறுகிற ஓர் இடம் இருக்கிறது. ஆண்களுக்குப் பொதுவாக அது 300 முதல் 400 ஹெர்ட்ஸுக்குள் வரும். குரல் பிசிறு தட்டுவதும் உடைவதும் பெரும்பாலும் அந்த இடத்தில்தான். பாட்டின் நடமாட்டம் அந்த எல்லையை அடிக்கடி தாண்டித் தாண்டி வந்தால், எல்லைக்கு மேலே ஒரே ஒரு முறை போவதைவிட அது பல மடங்கு சிரமம்.

உச்சச் சுரத்தைப் பார்க்கும்போதும் எண்ணை மட்டும் பார்த்தால் போதாது. அது சட்டென்று தொட்டுப் போகிற சங்கதியா, நீட்டிப் பிடிக்கிற கார்வையா? எந்த உயிரெழுத்தில் விழுகிறது? ஒரே சுரம் "ஆ"வில் ஒரு மாதிரியும் "ஈ"யில் வேறு மாதிரியும் வரும். சிலருக்கு "ஈ" சுலபம், சிலருக்கு அது தொண்டையை இறுக்கும். அதனால் அந்த வரியின் சொற்களோடேயே பாடிச் சோதியுங்கள். உச்சி பாட்டின் தொடக்கத்தில் வருகிறதா, கடைசியில் வருகிறதா என்பதும் முக்கியம். கடைசியில் வந்தால், அதற்குள் எவ்வளவு மூச்சைச் செலவழித்திருப்பீர்கள் என்று பாருங்கள்.

அடிச் சுரம், மூச்சு விட இடம், டிராக்கின் தரம் ஆகிய மூன்றும் இதற்கு அடுத்தபடி. அடிச் சுரம் எட்டாமல் போனால் அது மெல்லத் தேய்ந்து கேட்கும், அவ்வளவுதான். உச்சி எட்டாமல் போனால் அத்தனை பேருக்கும் தெரியும். இரண்டில் ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டிவந்தால் அடியை விட்டுக்கொடுங்கள். மைக்கை வாய்க்கு நெருக்கமாக வைத்தால் கீழ்ச்சுரங்களுக்குக் கொஞ்சம் கனம் கூடும். மேடை மைக்குகளில் பெரும்பாலானவை அருகில் வரும் ஒலியின் அடிநாதத்தைத் தூக்கிக் காட்டும் தன்மை உள்ளவை. உச்சிக்கு மைக் இப்படி உதவாது.

## மூலச் சுருதியிலேயே பாடுவது

பாட்டின் நடமாட்டம் உங்கள் குரலின் நடுப்பகுதியில் விழுந்து, உச்சி ஒன்றிரண்டு இடத்தில் மட்டும் எல்லையைத் தொடுகிறது என்றால், இதைவிடச் சிறந்த வழி கிடையாது. டிராக் எந்தச் சிதைவும் இல்லாமல் ஒலிக்கும். நீங்கள் நூறு முறை கேட்டுப் பழகிய அதே சுருதி என்பதால் எடுப்பு தவறாது. முகப்பிசை முடிந்ததும் குரல் தானாகப் போய் உட்காரும்.

இதில் ஒளிந்திருக்கும் செலவு, எட்டாத இடத்தில் எல்லோரும் செய்கிற காரியம்: சத்தத்தைக் கூட்டுவது. சுரம் எட்டாதபோது அழுத்தம் கொடுத்தால் எட்டிவிடும் என்று தோன்றும். உண்மையில் சுருதி கீழேயே நிற்கும், சத்தம் மட்டும் ஏறும். அந்த ஒரு வரிக்காகப் பாட்டு முழுவதையும் பதற்றத்தோடு பாட வேண்டியிருக்கும். இன்னொன்று, சாயங்காலம் முழுக்கப் பாடப் போகிறீர்கள் என்றால் இப்படி ஒரு பாட்டு அடுத்த நாலு பாட்டுக்கான குரலைத் தின்றுவிடும். ஆசைப்பட்டே தீருவது என்றால் அதைக் கடைசிப் பாட்டாக வைத்துக்கொள்ளுங்கள்.

மூலப் பாடகர் அந்த உச்சியைக் கள்ளத்தொண்டையில் (முழுக்குரல் இல்லாத பொய்க்குரலில்) மெல்லியதாகத் தொட்டிருக்கிறாரா, முழுக்குரலில் பாடியிருக்கிறாரா என்றும் கவனித்துக் கேளுங்கள். மெல்லியதாகத் தொட்டிருந்தால் உங்களுக்கும் அந்த வழி திறந்திருக்கிறது. முழுக்குரலில் பாடியதை நீங்கள் மட்டும் கள்ளத்தொண்டையில் எடுத்தால், பாட்டு உச்சத்துக்குப் போக வேண்டிய இடத்தில் சுருங்கிப்போகும்.

## டிராக்கின் சுருதியை மாற்றுவது

என் முதல் பரிந்துரை பெரும்பாலும் இதுதான். ஆரம்பகாலக் கரோக்கி இயந்திரங்களில் ஒன்றை 1971இல் ஜப்பானின் கோபே நகரில் உருவாக்கிய டைசுகே இனோவே, மற்றவர்கள் பாட, பின்னணி வாசித்து வந்தவர். தன்னால் நேரில் வாசிக்கப் போக முடியாத ஓர் இடத்துக்குப் பதிவு செய்த நாடாவைக் கொடுத்தனுப்பியதில்தான் அவருக்கு அந்த எண்ணம் பிறந்தது. பக்கவாத்தியக்காரர் பாடுகிறவரைப் பார்த்து, "உங்களுக்கு எத்தனை கட்டை?", அதாவது எந்தச் சுருதி, என்று கேட்டுவிட்டு வாசிப்பவர். இயந்திரத்தில் இருக்கும் சுருதிப் பொத்தான் செய்வதும் அந்த வேலைதான். அதைத் தொடக் கூச்சப்பட ஒன்றுமே இல்லை.

கணக்கு எளிது. பாட்டின் உச்சி உங்கள் வசதியான உச்சியைவிட 3 செமிடோன் மேலே இருந்தால், மூன்று இறக்குங்கள். இறக்கியதும் அடியையும் சரிபாருங்கள், அதுவும் மூன்று இறங்கியிருக்கும். பாட்டின் விரிவு, அதாவது அடியிலிருந்து உச்சி வரை உள்ள தூரம், 19 செமிடோன், உங்களுடையது 17 என்றால் எவ்வளவு திருகினாலும் இரண்டு முனையும் சேர்ந்து அடங்காது. அப்போது உச்சி அடங்கும்படி வைத்துவிட்டு, அடியில் வரும் ஒன்றிரண்டு சுரங்களை மைக்கிடம் விட்டுவிடலாம்.

ஆண் பாடிய பாட்டைப் பெண் பாடுவதும், பெண் பாடியதை ஆண் பாடுவதும்தான் பெரிய குழப்பம். கர்நாடக சங்கீத மேடையிலேயே இதற்கு விடை இருக்கிறது. ஆண்கள் பெரும்பாலும் ஒன்று, ஒன்றரை கட்டையில் பாடுவார்கள். பெண்கள் நாலரை, ஐந்து, ஐந்தரை கட்டையில். ஒரு கட்டைக்கும் ஐந்து கட்டைக்கும் இடைவெளி 7 செமிடோன். ஆக, ஆண் பாட்டைப் பெண் பாட வேண்டுமானால் குரல் மூல இடத்திலிருந்து சுமார் 7 செமிடோன் மேலே போய் விழ வேண்டும். அதற்காக டிராக்கை 7 ஏற்ற வேண்டியதில்லை. 5 இறக்கிவிட்டு ஒரு ஸ்தாயி மேலே பாடினாலும் அதே இடம்தான்: 12இல் 5 போனால் 7. டிராக்கைக் குறைவாக அசைத்தால் ஒலியும் குறைவாகக் கெடும். பெண் பாட்டை ஆண் பாடுகிறபோது இதைத் திருப்பிப் போடுங்கள்: டிராக்கை 5 ஏற்றி, ஒரு ஸ்தாயி கீழே. இது தொடங்குவதற்கான எண் மட்டுமே. அங்கிருந்து ஒன்றிரண்டு அப்படி இப்படி நகர்த்தி உங்கள் இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும்.

செலவுகளும் இருக்கின்றன. முதலாவது ஒலி. சுர விவரங்களை மட்டும் வைத்துக்கொண்டு இயந்திரமே வாசிக்கிற மிடி வகை டிராக்குகளில் எவ்வளவு மாற்றினாலும் வாத்தியங்கள் அநேகமாக அப்படியே இருக்கும். பதிவு செய்த ஒலியை மாற்றுகிற டிராக்குகளில் மூன்று, நாலு செமிடோன் தாண்டினால் மேளத்தின் அடி மழுங்கும், கோரஸ் குரல்கள் பொம்மைக் குரலாகவோ பூதக் குரலாகவோ மாறும். ஐந்து நகர்த்த வேண்டிய பாட்டு என்றால், பெண் சுருதியிலோ ஆண் சுருதியிலோ ஏற்கெனவே தயாரித்த டிராக் கிடைக்கிறதா என்று முதலில் தேடுவது நல்லது.

இரண்டாவது செலவு பலருக்குத் தெரியாதது: உங்கள் நினைவு. நன்றாகக் கேட்டுப் பழகிய பாட்டை மனம் மூலச் சுருதிக்கு நெருக்கமாகவே சேமித்து வைத்திருக்கும். டிராக் இறங்கியிருந்தாலும் குரல் பழைய இடத்தில் போய் எடுக்கும். தாளமோ வாத்தியமோ அதிகம் இல்லாமல் தொகையறாவோடு ஆரம்பிக்கும் பாட்டுகளில் இந்த ஆபத்து அதிகம். மாற்றிய சுருதியில் முகப்பிசையைப் பல முறை கேளுங்கள். அதோடு சேர்ந்து முணுமுணுத்துக்கொண்டே போய்ப் பல்லவியை எடுத்துப் பழகுங்கள். பாட்டு முழுவதையும் பாடிப் பார்ப்பதைவிட இந்த எடுப்பைப் பழகுவது அதிகம் உதவும்.

மூன்றாவது, அளவுக்கு மீறி இறக்கிவிடுவது. உச்சி சுகமாக வருகிறது என்று இறக்கிக்கொண்டே போனால் பாட்டின் வேகம் செத்துவிடும். உயரத்துக்குப் போகிறபோது குரலில் வருகிற லேசான இழுவிசைதான் பல பாட்டுகளுக்கு உயிர். உச்சியில் கொஞ்சம் உழைப்பு இருக்கும்படி நிறுத்துங்கள்.

## ஸ்தாயி மாற்றிப் பாடுவது

சுருதிப் பொத்தான் இல்லாத இடத்தில் பலர் செய்வது இது: டிராக் அப்படியே ஓட, ஒரு ஸ்தாயி கீழே பாடுவது. முழுப் பாட்டையும் இப்படிப் பாடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். 12 செமிடோன் என்பது பெரிய இறக்கம். பல்லவி முழுக்க அடித்தொண்டையில் முனகலாகிவிடும், வாத்தியங்கள் குரலை மூடிவிடும். ஒரே ஒரு வரியில், ஒரே ஒரு சங்கதியில் மட்டும் கீழே இறங்கி, அடுத்த வரியில் பழைய இடத்துக்கு ஏறிக்கொள்வது அழகான உத்தி. எந்தச் சொல்லில் இறங்குவது, எதில் ஏறுவது என்று முன்கூட்டியே முடிவு செய்திருந்தால், அது நீங்கள் வேண்டுமென்றே செய்த மாற்றமாகவே கேட்கும். எட்டாததால் இறங்கினீர்கள் என்று யாருக்கும் தோன்றாது.

## குரலுக்குள் அடங்கும் வேறு பாட்டு

முதல் முறை மைக் பிடிப்பவர்களுக்கும், சளியோ இருமலோ போய்க் குரல் இன்னும் தேறாதவர்களுக்கும் இதுவே சரியான வழி. தேடும்போது விரிவு சிறிய பாட்டாக, ஒரு ஸ்தாயியை ஒட்டி, பேச்சுக்கு நெருக்கமாக நடக்கிற பாட்டாகப் பாருங்கள். பேசும் குரலை ஒரு குறியாக வைத்துக்கொள்ளலாம். வயது வந்த ஆண்களின் பேச்சு பொதுவாக 85 முதல் 180 ஹெர்ட்ஸ் வரை, பெண்களுக்கு 165 முதல் 255 வரை. பாட்டின் நடமாட்டம் உங்கள் பேச்சுக்குச் சற்று மேலே இருந்தால் நீங்கள் இயல்பாகவே தெளிவாகக் கேட்பீர்கள்.

ஆனால் விரிவு சிறியது என்பதாலேயே பாட்டு சுலபம் ஆகிவிடாது. வேகமாகச் சொற்கள் கொட்டுகிற பாட்டு நாலைந்து சுரத்துக்குள் முடிந்துவிடும். அங்கே மூச்சும் தாளமும் உங்களைச் சோதிக்கும். தாலாட்டைப்போல மெதுவாகப் போகும் பாட்டில் வாத்தியம் குறைவு என்பதால், அரைக்கால் சுருதி விலகினாலும் பளிச்சென்று தெரியும். குரல் நன்றாக இருந்தும் நடுக்கம் வருகிறவர்களுக்கு, மிதமான வேகத்தில், நல்ல தாளக்கட்டோடு, கோரஸ் துணையோடு போகிற பாட்டுதான் பாதுகாப்பு.

இதில் இன்னொரு செலவும் உண்டு: பிடிக்காத பாட்டைப் பாடுவது. குரலுக்குப் பொருந்துகிறது என்பதற்காக மட்டும் எடுத்த பாட்டில் உயிர் இருக்காது. பொருத்தமான பத்துப் பாட்டைக் குறித்து வைத்துக்கொண்டு, அவற்றில் வரிகள் உங்களை அசைக்கிற ஒன்றை எடுங்கள்.

## ஜோடிப் பாட்டு, கூட்டுப் பாட்டு

பாட்டில் பாதிதான் உங்களுடையது, நடுவே குரலுக்கு ஓய்வு, எட்டாத வரியைத் துணைவருக்குக் கொடுத்துவிடலாம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஆணும் பெண்ணும் பாடும் பாட்டில் சுருதி ஒன்றுதான், குரல் எல்லைகள் இரண்டு. அதனால் பல ஜோடிப் பாட்டுகளில் ஒருவர் தன் வசதிக்கு மேலேயோ கீழேயோ போய்த்தான் பாடியிருப்பார். அந்த ஒருவர் நீங்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இங்கே சுருதியை மாற்றுவதும் கஷ்டம். ஒருவருக்கு இறக்கினால் மற்றவர் தரையைத் தொட்டுவிடுவார். ஒன்று, இரண்டு செமிடோனுக்கு மேல் விட்டுக்கொடுக்க இடம் இருக்காது. இரண்டு ஆண்களோ இரண்டு பெண்களோ வரிகளைப் பங்கிட்டுப் பாடுகிறபோது இந்தச் சிக்கல் குறைவு. உயரக் குரல்காரர் சரணத்தின் மேல் வரிகளை எடுக்க, கனமான குரல்காரர் பல்லவியை எடுக்கலாம்.

## ஒரே பார்வையில்

| வழி | எப்போது நல்லது | ஒளிந்திருக்கும் செலவு |
|---|---|---|
| மூலச் சுருதி | நடமாட்டம் குரலின் நடுவில், உச்சி ஒன்றிரண்டு முறை மட்டும் | கத்தல், அடுத்த பாட்டுகளுக்குக் குரல் மிஞ்சாது |
| சுருதி மாற்றம் | பாட்டு முழுக்க 1 முதல் 4 செமிடோன் தள்ளி இருக்கும்போது. ஆண்–பெண் மாற்றிப் பாடும்போது 5 | டிராக் ஒலி கெடும், எடுப்பு தவறும் |
| ஸ்தாயி மாற்றம் | ஒரு வரி மட்டும் எட்டாதபோது | முழுப் பாட்டுக்கும் என்றால் குரல் அமுங்கிவிடும் |
| வேறு பாட்டு | முதல் முறை, குரல் தேறாத நாள் | மனம் ஒட்டாமல் பாடுவது |
| ஜோடி | துணைவரின் எல்லை தெரிந்திருக்கும்போது | சுருதியில் அசைய இடமில்லை |

## எந்த வரிசையில் முடிவு செய்வது

பாட்டின் இரண்டாவது சரணத்தை முதலில் பாடிப் பாருங்கள், பல்லவியை இல்லை. பல்லவி எல்லோருக்கும் வரும். சரணத்தை நிறுத்தாமல் இரண்டு முறை பாடுங்கள். இரண்டாவது முறையும் தொண்டை இறுகவில்லை என்றால் மூலச் சுருதியே போதும். ஒரே ஒரு வரி மட்டும் இடித்தால் அந்த வரியை மாற்றிப் பாடுங்கள். சரணம் முழுக்க இடித்தால் இரண்டு செமிடோன் இறக்கி மறுபடி பாடுங்கள், தேவைப்பட்டால் இன்னும் ஒன்று. நாலு இறக்கியும் உச்சி இடிக்கிறது, அல்லது அதற்குள்ளேயே அடி காணாமல் போகிறது என்றால், அந்தப் பாட்டின் விரிவு உங்களுடையதைவிடப் பெரியது. அப்போது துணைக்கு ஆள் தேடலாம், அல்லது வேறு பாட்டு எடுக்கலாம்.

முடிவு செய்ததும் பாட்டின் பெயர் பக்கத்தில் எண்ணைக் குறித்து வையுங்கள்: "மைனஸ் 3", "பிளஸ் 5" என்று. டிராக் மாறினால் எண்ணும் மாறும். ஒரே பாட்டுக்கு வெவ்வேறு சுருதியில் தயாரித்த டிராக்குகள் புழக்கத்தில் இருக்கின்றன. அதனால் எந்த டிராக் என்பதையும் சேர்த்தே எழுதிக்கொள்ளுங்கள். இரண்டு எண்கள் சரிசமமாகப் பொருந்துவதாகத் தோன்றினால், இரண்டையும் போனில் பதிவு செய்து மறுநாள் கேளுங்கள். பாடும்போது சுகமாக இருந்ததும் கேட்கும்போது நன்றாக இருப்பதும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. தனியாகப் பழகுவதற்குச் சுகமாக இருந்ததை வைத்துக்கொள்ளுங்கள், நாலு பேர் கேட்கப் பாடுவதற்குக் கேட்க நன்றாக இருப்பதை எடுங்கள்.